முக்கோணத்துக்கு 60-ஆ, 120-ஆ?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பைத்தான் என்ற கணினி மொழியில் டர்ட்டில் (கட்டளைப்படி திரையில் நகர்ந்து கோடு போடும் ஆமை) வைத்து படம் வரைந்து பழகுகிறாள். சதுரம் சரியாக வந்துவிட்டது. சமபக்க முக்கோணத்துக்கு ஃபார்வர்ட்(100), லெஃப்ட்(60) என்று மூன்று தடவை கொடுத்தால் மூடாமல் கிண்ணம் மாதிரி நிற்கிறது. கணக்குப் புத்தகத்தில் 60 டிகிரி என்றுதானே இருக்கிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: புத்தகத்தில் இருப்பது சரிதான், ஆனால் அது முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிற கோணம். லெஃப்ட் கேட்பதோ ஆமை எவ்வளவு திரும்ப வேண்டும் என்று. ஒரு பக்கத்தை வரைந்து முடித்ததும் ஆமை வந்த திசையிலேயே நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும், அங்கிருந்து அடுத்த பக்கத்துக்குத் திரும்ப 180-இல் 60 போக 120 டிகிரி வேண்டும். சதுரத்தில் இரண்டும் 90 என்பதால் இந்த வித்தியாசம் தெரியவே இல்லை. அந்த 60-ஐ அப்படியே வைத்து ஆறு தடவை ஓடவிடச் சொல்லுங்கள், அழகான அறுகோணம் வரும். உங்களுக்கு வந்தது அதில் பாதி.

இதை வாயால் விளக்குவதைவிட அவளையே ஆமையாக நடக்கவிடுங்கள். தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, கோட்டின் மேல் நடந்து மூலையில் திரும்பினால் 120 உடம்புக்கே தெரிந்துவிடும். 1967-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான செய்மூர் பேப்பர்ட் வலியுறுத்தியதும் இதைத்தான்: குழந்தை ஆமையின் இடத்தில் தன்னை வைத்து யோசிக்க வேண்டும். முதலில் தரையில் ஊர்ந்த ரோபோ ஆமை இருந்தது, திரைக்கு வந்தது அப்புறம்தான்.

ஒரு சுற்று முடிந்து பழைய திசைக்கே வந்தால் மொத்தம் 360 திரும்பியிருப்போம், அதைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஐங்கோணத்துக்கு 72, எண்கோணத்துக்கு 45. அப்புறம் ஃபார்வர்ட்(1), லெஃப்ட்(1) என்று 360 தடவை ஓடவிடுங்கள், உண்மையில் 360 பக்கமுள்ள உருவம்தான், கண்ணுக்கு வட்டம். சுற்றளவு 360, குறுக்களவை அளந்தால் கிட்டத்தட்ட 115 வரும், வகுத்துப் பார்த்தால் பை (π, சுமார் 3.14) எட்டிப் பார்க்கும்! சர்க்கிள் என்று தனிக் கட்டளை இருக்கிறது, ஆனால் இதைச் செய்த பிறகே அதைக் காட்டுங்கள்.

ஐந்து முனை நட்சத்திரத்துக்கு ஆமை இரண்டு முழுச் சுற்று திரும்ப வேண்டும். இது மட்டும் சொல்லுங்கள், எத்தனை டிகிரி என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்று, ஃபைலுக்கு டர்ட்டில் என்றே பெயர் வைத்துவிடாதீர்கள், பைத்தான் உண்மையான டர்ட்டிலுக்குப் பதிலாக உங்கள் ஃபைலையே இம்போர்ட் செய்யப் போய் எரர் காட்டும்.