வேலை நேரத்தை நீட்டினால் வேலை கூடுமா, கூலி குறையுமா? கேள்வி பதில்

சட்டம் அனுமதிக்கும் வேலை நேரத்தை நீட்டினால் என்ன ஆகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூலிக் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் கூட்டுகிறார்கள். ஏற்கெனவே அவ்வளவு நேரம் ஓ.டி. பார்க்கிறேனே, எனக்கு என்ன மாறப்போகிறது சார்?

வேலை மாறாது, சம்பளம் மாறும். கூலி மணிக்கு 100, வார வரம்பு 48 மணி நேரம், ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 54 மணி நேரம் உழைத்தால் 4,800 + 1,200, மொத்தம் 6,000. வரம்பை 54 ஆக்கிய மறுவாரம், அதே உழைப்புக்கு 5,400. உங்கள் கூலியில் யாரும் கைவைக்கவில்லை, ஓ.டி. தொடங்கும் கோட்டைத் தள்ளிப் போட்டார்கள், அவ்வளவுதான். எந்தச் சட்டம் வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான். கிரேக்கத்தில் 2024 ஜூலையில் சில துறைகளுக்கு ஆறாம் நாள் வேலையை அனுமதித்தபோது, அந்த நாளுக்கு 40 சதவீதம் கூடுதல் கூலி என்று எழுதி வைத்தார்கள். உடம்பு நோவது நோவதுதான், காசாவது வருகிறது.

கே: எங்கள் ஆலையில் மூன்று ஷிஃப்ட். ஷிஃப்ட்டை 12 மணி நேரமாக்கினால் மூன்றில் ஒருவருக்கு வேலை போய்விடுமா?

வார வரம்பைப் பாருங்கள். வாரம் ஆறு நாள், இரவு பகலாக ஓடும் இயந்திரத்துக்கு 144 மணி நேரம் ஆள் நிற்க வேண்டும். வார வரம்பு 48 என்றே இருந்தால் ஆளுக்கு நாலு நாள். அப்போதும் மூன்று பேர் வேண்டும். வரம்பு 72 ஆனால் இரண்டு பேரே போதும். (நாலு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்பது கேட்க இனிக்கும். பன்னிரண்டாவது மணியில் இயந்திரத்தருகே நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.)

கே: அப்படியென்றால் நேரத்தைக் குறைத்தால் வேலை பெருக வேண்டுமே?

இங்கேதான் என் தொழிற்சங்க நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். பிரான்ஸ் 1982இல் வாரத்துக்கு 40 மணி நேரத்தை 39 ஆக்கியது. சம்பளம் பெரும்பாலும் அப்படியே இருந்ததால் மணிக்கான செலவு ஏறியது. அதுவரை 40 மணி நேரம் பார்த்தவர்களே கூடுதலாக வேலை இழந்தார்கள் என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு கண்டது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ள, வேலை ஒன்றும் அளந்து கட்டிய மூட்டை அல்ல.

இது நீட்டுவதற்கும் பொருந்தும். செலவு குறைந்து ஆர்டர் கூடினால் முதலாளி ஆள் எடுக்கலாம். ஆர்டர் அதேதான் என்றால் எடுக்க மாட்டார். புது ஆள் என்றால் பயிற்சி, காப்பீடு எல்லாம் முதலிலிருந்து. இருப்பவரையே நிறுத்திவைப்பது மலிவு.

கே: மாதச் சம்பளக்காரனுக்கு?

சம்பளத்தை மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். தெரிந்துவிடும்.

கே: சிறிய பட்டறை நடத்துகிறேன். நேரம் கூடினால் உற்பத்தி கூடத்தானே செய்யும்?

ஓரளவுக்கு. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் எடுத்த கணக்குகளை ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் 2014இல் மறுபடி ஆராய்ந்தார். வாரம் 49 மணி நேரத்தைத் தாண்டியதும் உற்பத்தியின் ஏற்றம் தளர்ந்தது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்தது, 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்ததைவிடப் பெரிதாக அதிகமில்லை. மிச்சம் 14 மணி நேரத்துக்குக் கூலியும் மின்கட்டணமும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.