செடி காயவைக்கும் படிப்புக்கு வேலை உண்டா? ஒரு பெற்றோருக்குப் பதில்

பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் இயற்கை அருங்காட்சியகத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள், செடியைக் காயவைத்து ஒட்டினால் பிழைப்பு நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். ஆனால் அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் பதவி ஒன்றையே நம்பி உட்காரக் கூடாது. இடங்கள் மிகக் குறைவு, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை.

இந்த அறிவு இன்று எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகம் நல்ல எடுத்துக்காட்டு. 2010இல் பெரு நாட்டின் யாகுவாஸ் ஆற்றுப் பகுதியில் அதன் குழுவினர் சில வாரங்களில் உயிரினங்களை விரைவாகக் கணக்கெடுத்தார்கள். மீன் இனங்கள் மட்டும் 300க்கு மேல் பதிவாயின. அதே நாட்களில் சமூக ஆய்வாளர்கள் ஆற்றோரப் பழங்குடி ஊர்களில் தங்கி, யார் எங்கே மீன் பிடிக்கிறார்கள், முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். பல ஆண்டுகளாக அந்தக் காட்டைக் காக்கப் போராடிய மக்களின் கையில் அறிவியல் சான்றும் சேர்ந்தது. 2018இல் சுமார் 8.68 லட்சம் ஹெக்டேர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நம் ஊரில் இதற்கு நேரான வேலை மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரின் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி மக்கள் அறிந்ததையும் எழுதிவைக்கும் ஏடு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, ஊர் மக்களோடு சேர்ந்து இதைத் தயாரிக்க வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் பதிவேடு நிற்காது. கீழாநெல்லி என்ற பெயரில் ஃபில்லாந்தஸ் பேரினத்துச் செடிகள் பல புழங்குகின்றன. காயவைத்த மாதிரி ஒன்று ஹெர்பேரியத்தில் (உலர்தாவரச் சேமிப்பகத்தில்) இருந்தால்தான் பத்து வருடம் கழித்தும் எந்தச் செடி என்று சரிபார்க்க முடியும். இங்கேதான் உங்கள் மகளுக்கு வேலை இருக்கிறது.

அந்தக் கைத்தொழிலை இப்போதே பழகட்டும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. அதனால் வயல் வரப்பு, கண்மாய்க்கரையில் இருந்து தொடங்கலாம். பூவோ காயோ உள்ள கிளையாக எடுக்க வேண்டும். வெறும் இலையை வைத்து இனம் காண்பது பெரும்பாலும் முடியாது. 42 × 28 செ.மீ. தாளுக்குள் அடங்கும்படி மடக்கி, செய்தித்தாளுக்கு இடையில் வைத்து இறுக்க வேண்டும். ஈரத்தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் இலை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் இது மிக விரைவாக நடக்கும். காய்ந்ததைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சி சாகும். பழைய கையேடுகள் சொல்லும் பாதரசக் குளோரைடு கடும் நஞ்சு, வீட்டில் தொடவே வேண்டாம்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது மாதிரியோடு வைக்கும் விவரச் சீட்டை எழுதுவதில்தான். ‘மதுரை மாவட்டம்’ என்று மட்டும் எழுதிய மாதிரியால் அந்த ஊருக்கு எந்தப் பயனும் இல்லை. ஜி.பி.எஸ். அளவு, தேதி, சேகரிப்பு எண், மண், காய்ந்தால் மறைந்துவிடும் பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர் எல்லாவற்றையும் செடி நிற்கும் இடத்திலேயே குறிக்க வேண்டும். மாலையில் ஞாபகத்தில் இருந்து எழுதினால் இரண்டு செடிகளின் குறிப்பு ஒன்றோடொன்று மாறிப்போகும். தகவல் சொன்னவரின் சம்மதம் கேட்காமல் மருத்துவப் பயனைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது.

படிப்பு என்று பார்த்தால், தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெற்று, பி.எச்டி.யில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். விலங்குகளிலும் ஆர்வம் இருந்தால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் வனவுயிரியல் முதுகலை இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் (பி.எஸ்.ஐ.), பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தன்னார்வ அமைப்புகள் போன்றவற்றில் திட்டப் பணிகளும் வரும். அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சில மாதம் வருமானம் இல்லாமல் போகலாம். குடும்பம் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்க ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருளும் தெளிவாக அறிக்கை எழுதும் பழக்கமும் கைகொடுக்கும். சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களும் இவற்றைக் கேட்கின்றன.

இந்தக் கோடை விடுமுறைக்குள் 25 மாதிரிகளைச் சீட்டோடு முடிக்கட்டும். பிறகு துறைத் தலைவரின் கடிதத்தோடு கோயம்புத்தூரில் உள்ள ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ என்ற சேமிப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டு, தன் மாதிரிகளை அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வேலையில் மகளுக்கு மனம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எம்.எஸ்சி. விண்ணப்பத்தை முடிவு செய்யுங்கள்.