நாலு பேரில் ஒருவன்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் தங்கச்சிமடம். தம்பி எங்கள் கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசிக்க ஆரம்பித்தவன். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டு இப்போது சென்னையில் மேற்கத்திய இசை படிக்கிறான். ஸ்ட்ரிங் குவார்டெட்தான், அதாவது நாலு பேர் சேர்ந்து தந்தி வாத்தியம் வாசிக்கும் இசைதான், வாசிப்பேன் என்கிறான். விசைப்படகில் போகும் அப்பாவுக்கு ஒரே கவலை: "கச்சேரி இல்லாத நாளில் என்ன சாப்பிடுவான்?" கர்நாடக இசைக்கு மாறினால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பா கேட்பது நியாயம். குவார்டெட் மட்டும் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் ஐரோப்பாவிலேயே கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு ஆர்கெஸ்ட்ரா, ரெக்கார்டிங், வகுப்பு என்று மூன்று நான்கு வழியில் பணம் வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனுக்குச் சம்பளம் கொடுக்க எஸ்டர்ஹாசி பிரபுக்களின் அரண்மனை இருந்தது. கர்நாடக சங்கீத வித்வான் பூச்சி சீனிவாச ஐயங்காருக்கு நம் ராமநாதபுரம் சேதுபதி அரண்மனை. தம்பிக்கு டியூஷன் பிள்ளைகள்தான் அரண்மனை. மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவையும் அவன் மனதில் வைத்திருக்கட்டும்.

ஆனால் அவன் முதலில் தேடவேண்டியது வேலையை அல்ல, மூன்று ஆட்களை. குவார்டெட்டில் இரண்டு வயலின், வயலினைவிடத் தாழ்ந்த குரலுள்ள ஒரு வயோலா, அதைவிடத் தாழ்ந்த ஒரு செல்லோ. கை காட்ட நடத்துநர் கிடையாது. பெரும்பாலும் முதல் வயலின்காரர் மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். அதற்காக மற்றவர்கள் பக்கவாத்தியமும் இல்லை. 1772இல் ஹைடன் எழுதிய ஓபஸ் 20 என்ற தொகுப்பில் இரண்டாவது குவார்டெட்டைக் கேட்டுப்பாருங்கள், மெட்டைத் தொடங்குவதே செல்லோ. இந்தப் பேச்சுவார்த்தை கூடிவர வருஷக்கணக்கில் அதே நால்வர் சேர்ந்து சாதகம் செய்யவேண்டும். எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் ஒத்துவராத ஆளைச் சேர்த்தால் ஒரே வருஷத்தில் கலைந்துவிடும். படகுக்கு ஆள் எடுக்கிற அப்பாவிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்.

மாமா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாத்தியம் ஒன்றுதான், சரி. அங்கே ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி சேர்ப்பார்கள், இங்கே ச-ப-ச-ப. இங்கே சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கவேண்டும். கமகத்துக்கு இடக்கை முதலிலிருந்து பழகவேண்டும். ஆசையால் போகிறான் என்றால் போகட்டும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரே ஐரோப்பிய வயலின் கற்றுத்தான் அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். பிழைப்புக்கு என்றால் வேண்டாம். சபா வாசலிலும் கூட்டம்தான்.

அதற்குப் பதில் வயோலாவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிது, அதன் இசைக்குறிப்பை எழுதும் ஆல்டோ கிளெஃப் என்ற முறையைப் படிக்கவேண்டும், அவ்வளவுதான். வயலின்காரர்கள் நிறைய; வயோலா வாசிக்கிறவர்கள் குறைவு. அதனால் கூப்பிடுவார்கள்.

அப்புறம், ஊருக்கு வரும்போது வாத்தியத்தைத் திண்ணையில் வைக்கவேண்டாம். உப்புக்காற்றில் ஸ்டீல் தந்தி துருப்பிடிக்கும், ஈரத்தில் முறுக்காணி உப்பி இறுகும், மூட்டுப் பசை இளகும். மூட்டு விட்டால் யாரும் பெவிகால் போட்டு ஒட்டிவிடாதீர்கள். பழுதுபார்க்கத் திரும்பப் பிரிக்கவேண்டும் என்றுதான் அதை மாட்டுத்தோல் போன்றவற்றைக் காய்ச்சி எடுக்கும் தோல் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்.