ஒரு தடவை பார்த்தால் வரைந்துவிடலாம்

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த இசைத்தட்டு அட்டை எது? அது ஏன் மனதில் நின்றது?

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்', 1973. முழுக் கறுப்பு அட்டை. நடுவில் ஒரு கண்ணாடி முக்கோணம். இடது பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு அதற்குள் போகிறது, வலது பக்கம் வண்ணப் பட்டையாக வெளியே வருகிறது. முன்பக்கத்தில் அவ்வளவுதான். குழுவின் பெயர் கிடையாது, ஆல்பத்தின் பெயர் கிடையாது, ஆள் படமும் கிடையாது.

உலகம் முழுக்கப் பனியனில் போட்டுத் திரிகிற படத்தைத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். ஆமாம், அதேதான். ஆனால் எனக்கு அது பிடித்துப்போன வழி வேறு. பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: இது கேரளம்தான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ் புழங்கும் ஊர்கள். ஒளியியல் பாடம் வரும்போது அந்த அட்டையை வகுப்புக்கு எடுத்துப் போவேன். கொஞ்ச நேரம் தூக்கிக் காட்டிவிட்டு மேசைக்குள் வைத்துவிட்டு, "பார்த்ததை வரையுங்க" என்பேன். எல்லோரும் வரைந்துவிடுவார்கள். படம் வரையவே வராது என்று சொல்லும் பிள்ளைகூட முக்கோணத்தையும் கோட்டையும் சரியான பக்கத்தில் போட்டுவிடும். ஓர் அட்டை மனதில் நிற்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. பார்த்தவர் கையால் அதைத் திரும்ப வரைய முடிய வேண்டும்.

தட்டு என் சின்ன மாமாவுடையது, குவைத்திலிருந்து கொண்டுவந்தது. வீட்டில் பிளேயர் இல்லை. ஊரில் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் குழாய் கட்டும் சவுண்டு சர்வீஸ் கடையில்தான் இருந்தது. அதனால் பாட்டைக் கேட்பதற்கு ரொம்ப நாள் முன்பே அட்டையைப் பார்த்துவிட்டேன். உள்ளே என்ன மாதிரி சத்தம் இருக்கும் என்று அந்தக் கறுப்பைப் பார்த்தே யோசித்துக்கொண்டிருப்பேன். மாமா ஒருநாள் தட்டைக் கடைக்கு எடுத்துப்போனபோது கடைக்கார அண்ணன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "என்னங்க மாப்ள, ஒரு மூஞ்சியும் காணோம். யாரு பாட்டுன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அவர் கடையில் அடுக்கி வைத்திருந்த சினிமாத் தட்டுகளில் முகம் இல்லாத அட்டையே இருக்காது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் பிறந்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். அவர் இசையமைத்த தட்டுகளிலும் பெரும்பாலும் நாயகன் நாயகியின் ஸ்டில்தான் அட்டையை நிறைத்திருக்கும். அவர் பெயர் சின்ன எழுத்தில் கீழே எங்கேயோ வரும். படம் பார்த்தவர் தட்டு வாங்க வேண்டும், அதற்காகச் செய்த அட்டை அது. அதில் தப்பில்லை, அந்த ஸ்டில்களில் எனக்குப் பிடித்தவையும் நிறைய உண்டு. ஆனால் அவை படத்தை ஞாபகப்படுத்தும், பாட்டு எப்படி இருக்கும் என்று சொல்லாது.

அட்டையில் படம் போடும் வழக்கமே ரொம்பப் பழையது இல்லை. ஆரம்பத்தில் தட்டுகள் வெறும் காகித உறையில்தான் வந்தன, நடுவில் வட்ட ஓட்டை, அதன் வழியே லேபிளைப் படித்துக்கொள்ள வேண்டும். 1940 வாக்கில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் ஆல்பத்துக்கென்று ஓவியம் வரைந்து அட்டை போடலாம் என்று தொடங்கிவைத்தார். பிறகு எல்பி (ரொம்ப நேரம் ஓடும் பெரிய தட்டு) வந்ததும் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் சதுரம் ஓவியர்கள் கைக்குக் கிடைத்தது.

சரி, முக்கோணத்துக்கு வருகிறேன். அதை உருவாக்கியது லண்டனில் இருந்த ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழு. ஸ்டார்ம் தார்கர்சன், ஆப்ரி பவல் இருவரும் அதை நடத்தினார்கள். படத்தை வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. பிங்க் ஃபிளாய்டில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், இந்தத் தடவை போட்டோ வேண்டாம், எளிமையாக, பளிச்சென்று ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார். தார்கர்சன் ஒரு புத்தகத்தில் பார்த்த முப்பட்டகப் படம் அதற்குக் கைகொடுத்தது. பிங்க் ஃபிளாய்டின் மேடை ஒளியமைப்பு அப்போதே பெயர் பெற்றது, அதனால் ஒளியைப் பற்றிய படம் பொருந்தியும் போனது. பல வடிவங்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது நால்வரும் உடனே இதைத்தான் கைகாட்டினார்களாம்.

இதே ஹிப்னோசிஸ் 1970-இல் அதே குழுவின் 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்துக்கு ஒரு கறவை மாட்டை அட்டையில் போட்டது. புல்வெளியில் நிற்கும் மாடு திரும்பி நம்மைப் பார்க்கும், அவ்வளவுதான், எழுத்து ஒன்றும் இருக்காது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு முக்கோணத்தைவிட அந்த மாடுதான் பிடிக்கும். "எத்தனை லிட்டர் கறக்குங்க சார்?" என்று கேட்பார்கள்.

இப்போது எனக்குச் சுவையான இடம். அந்தப் படத்தில் இயற்பியல் எவ்வளவு சரி?

நிறைய சரி. வெளியே வரும் பட்டையில் சிவப்பு மேலே, ஊதா கீழே. கண்ணாடியில் சிவப்பு குறைவாக வளையும், ஊதா அதிகமாக வளையும், ஆகவே வரிசை கச்சிதம். கோடு சற்று மேல்நோக்கி வந்து கீழ்நோக்கி வெளியேறுவதும், அதாவது அடிப்பக்கம் நோக்கி வளைவதும், பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது. சரியில்லாதது முக்கோணத்துக்குள்ளே. அங்கே ஒளி விரிகிறது, ஆனால் நிறமில்லாமல் வெள்ளையாக மங்கிப்போகிறது. உண்மையில் நிறப்பிரிகை, அதாவது ஒளி நிறங்களாகப் பிரிவது, முதல் பக்கத்தைத் தொட்ட உடனேயே தொடங்கிவிடும். இன்னொன்று, விரிவின் அளவு. கிரவுன் என்ற வகைக் கண்ணாடியில் ஒளிவிலகல் எண் (ஒளி எவ்வளவு வளையும் என்பதன் அளவு) சிவப்புக்கு ஏறக்குறைய 1.51, ஊதாவுக்கு 1.53. சமபக்க முப்பட்டகத்தில் கணக்குப் போட்டால் இரண்டு நிறத்துக்கும் நடுவே இரண்டு டிகிரிகூட வராது. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விட்டால் ஒரு சாண்கூடத் தேறாத பட்டைதான் கிடைக்கும். ஹார்டி அதை அட்டைக்குள்ளேயே விரித்துக் காட்டியிருக்கிறார். அப்படிக் காட்டவில்லை என்றால் அது படமாகவே ஆகியிருக்காது. பிள்ளைகள் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும்போது முகத்தில் வரும் சந்தோஷத்துக்காகவே வருடா வருடம் அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

எல்லா வருடமும் யாராவது ஒரு பிள்ளை எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து நிற்கும். "சார், ஆறு நிறம்தான் இருக்கு." ஆமாம், ஆறுதான். கருநீலம் இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா.

இதில்தான் எனக்கு மனம் நிறைகிற விஷயம் இருக்கிறது. வானவில்லுக்கு ஏழு நிறம் என்று நமக்குச் சொன்னவர் நியூட்டன். 1660-களில் இருட்டறையில் முப்பட்டகம் வைத்துப் பார்த்தபோது அவர் முதலில் முக்கியமாகச் சொன்னவை ஐந்துதான். ஆரஞ்சும் கருநீலமும் பிறகு சேர்ந்தவை. ஏன் ஏழு? இசைக்குத்தான். ஸ்வரங்கள் ஏழு, ஆகவே நிறங்களும் ஏழாக இருந்தால் இரண்டும் பொருந்தும் என்று அவர் நம்பினார். 1704-இல் வந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் நிறப்பட்டையை இசையின் இடைவெளிகளைக் கொண்டே பிரித்திருக்கிறார். ஆக, இசைக்காக ஒளியில் சேர்க்கப்பட்ட நிறம் கருநீலம். கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து வந்த ஓர் இசைத்தட்டு அந்த நிறத்தையே எடுத்துவிட்டது! அடர் கறுப்பின் மேல் கருநீலமும் ஊதாவும் அடுத்தடுத்து வந்தால் கண்ணுக்குப் பிரியாது. ஆறு என்றால் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிகிறது. படத்துக்கு ஆறு போதும். நியூட்டனுக்கு ஏழு வேண்டியிருந்தது. சங்கீதத்துக்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது, செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி அய்யரும் பெயர் வாங்கித்தந்த மண். இங்கே சரிகமபதநி தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். நிறத்துக்கும் ஸ்வரத்துக்கும் இப்படி ஒரு பழைய கணக்கு உண்டு என்று கேட்டதும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும்.

மாமாவின் அட்டையில் கறுப்பு இப்போது முன்போல் இல்லை. மற்ற தட்டுகளோடு இறுக்கி அடுக்கியதில், உள்ளே இருக்கும் தட்டின் விளிம்பு உரசி வட்டமாக வெளிறிவிட்டது. கறுப்பு அட்டைகளுக்கு வரும் வியாதி இது. இறுக்காமல், சாய்க்காமல், நேராக நிறுத்தி வைத்தால் தள்ளிப்போடலாம். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் புழுதிக்கும் பயப்பட வேண்டும். பிளாஸ்டிக் மேலுறை போட்டுவிடுவது நல்லது.

இதற்கு அடுத்து எனக்குப் பிடித்ததும் அறிவியல் படம்தான். ஜாய் டிவிஷன் குழுவின் 'அன்நோன் பிளஷர்ஸ்', 1979. கறுப்பில் வெள்ளை அலைக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மலைத்தொடர்போல அடுக்கியிருக்கும். 1967-இல் ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சாரின் (சீராக ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்) துடிப்புகள் அவை, சுமார் 1.34 விநாடிக்கு ஒன்று. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளைத்தாளில் கறுப்புக் கோடாக இருந்ததைப் பீட்டர் சாவில் என்ற வடிவமைப்பாளர் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டார். அற்புதமான அட்டை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வரையச் சொன்னால் யாராலும் முடியாது. ஏதோ அலை அலையாக வரும், அந்த அலை வராது. அதனால் எனக்கு அது இரண்டாவது.

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' (1967) அட்டையைச் சொல்லாமல் விட்டால் சிலர் வருத்தப்படுவார்கள். கும்பலாகப் பிரபலங்கள் நிற்கும் படம். அதில் காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும், விற்பனை கெடும் என்று இ.எம்.ஐ. நிறுவனம் பயந்து எடுக்கச் சொல்லிவிட்டது. பெரிய அட்டையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம். கேசட் அளவுக்குக் குறுக்கினால் பாதி ஆட்கள் காணாமல் போவார்கள், செல்போன் திரையில் வெறும் வண்ணக் குழப்பம்தான் மிஞ்சும். முக்கோணம் மட்டும் நகம் அளவுக்குச் சுருங்கினாலும் முக்கோணமாகவே இருக்கிறது.

முன்பக்கத்தைப் பற்றியே பேசிவிட்டேன். அந்த அட்டையின் அழகு அதைத் திறந்தால்தான் முழுதாகத் தெரியும். இரண்டாக விரியும் அட்டை அது. முன்பக்கம் வலது ஓரத்தில் வெளியேறும் வண்ணப் பட்டை உள்பக்கத்தில் தொடர்ந்து ஓடுகிறது. அங்கே பச்சைக் கோடு மட்டும் இதயத் துடிப்பு வரைபடம்போல ஏறி இறங்கும். ஆல்பம் இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிறது, ஆகவே அந்தக் கோடு இசையின் படமேதான். துடிப்பை உள்ளே போடலாம் என்ற யோசனை குழுவில் பேஸ் கிதார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் தந்தது. பின்பக்கத்தில் அதே பட்டை தலைகீழான இன்னொரு முப்பட்டகத்துக்குள் நுழைந்து மறுபடியும் வெள்ளைக் கோடாகிறது. அந்த வெள்ளைக் கோடு முதுகைத் தாண்டி முன்பக்க வெள்ளைக் கோட்டோடு சேர்ந்துகொள்கிறது. பிரித்த ஒளியைத் திரும்பச் சேர்க்க முடியும் என்று நியூட்டன் செய்து காட்டியதும் இதுதான். பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கத்துப் படமும் இதுதான். முதல் தடவை அட்டையை விரித்துக் காட்டும்போது முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்தே வந்துவிடுவார்கள். சில கடைகளில் பல பிரதிகளை வரிசையாகத் திறந்து வைத்து, ஒளி ஓர் அட்டையிலிருந்து அடுத்ததற்குப் போகும்படி அலங்கரித்ததும் உண்டு. அதற்கும் சேர்த்தே யோசித்து வரைந்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது தட்டு வாங்கப் போனால், இரண்டாக விரியும் பதிப்புதானா என்று கேட்டு வாங்குங்கள். ஒற்றை அட்டையில் வந்த பிரதி என்றால் பாட்டு எல்லாம் இருக்கும், பச்சைக் கோடு இருக்காது.