'புல்லிட்' படத்தில் வரும் பச்சை மஸ்டாங் காரை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

முக்கியக் காரணம், படத்தில் வரும் கார் துரத்தல் காட்சி உண்மையான சாலையில், உண்மையான வேகத்தில் எடுக்கப்பட்டது. 1968இல் வந்த படம், ஊர் சான் பிரான்சிஸ்கோ. கதாநாயகன் ஸ்டீவ் மக்வீன் ஓட்டும் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 390, வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜரை மேடும் பள்ளமுமான தெருக்களில் பத்து நிமிடத்துக்கும் மேல் விரட்டும். துரத்தல் சூடுபிடித்ததும் பின்னணி இசை நின்றுவிடும், அப்புறம் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜின்களின் உறுமலும் டயர் கிறீச்சிடுவதும்தான் இசை. இந்த ஒரு முடிவுக்காகவே இயக்குநர் பீட்டர் யேட்ஸைக் கும்பிடலாம். படத்தொகுப்புக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

உண்மையில் சார்ஜருக்குத்தான் பலம் அதிகம். அதில் 7.2 லிட்டர் இன்ஜின், மஸ்டாங்கில் 6.4 லிட்டர்தான். மேட்டு உச்சியிலிருந்து பறந்து வந்து தரையில் மோதுவதைத் தாங்க வேண்டுமே, அதனால் படப்பிடிப்புக்கு முன்பே இரண்டு கார்களிலும் சக்கர அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனை வலுப்படுத்தினார்கள். ஆபத்தான இடங்களில் மக்வீனுக்குப் பதிலாக ஸ்டன்ட் கலைஞர் பட் எகின்ஸ் ஓட்டினார். சார்ஜரை ஓட்டிய பில் ஹிக்மன் அசல் ஸ்டன்ட் டிரைவர், அந்த அமைதியான முகம் எனக்கு மக்வீனைவிடப் பிடிக்கும். கவனித்துப் பாருங்கள், ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை அவர்கள் திரும்பத் திரும்பத் தாண்டிப் போவார்கள், ஏனென்றால் ஒரே ஓட்டத்தைப் பல கேமராக்களில் பிடித்து அடுத்தடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

படத்துக்கு இரண்டு மஸ்டாங்குகள் பயன்பட்டன. அதில் ஒன்றை ஒரு அமெரிக்கக் குடும்பம் 1974இல் வாங்கிச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டிருந்தது, மக்வீனே திருப்பிக் கேட்டும் தரவில்லை. 2020 ஜனவரியில் அது 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.