விங்கைக் கழற்றினால் 1974 கவுன்டாச் ஆகிவிடுமா?

கேள்வி: லம்போர்கினியின் கவுன்டாச் ஸ்போர்ட்ஸ் காரை 1:24 அளவில் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டியில் எல்.பி.500 எஸ் என்று இருக்கிறது. நான் செய்ய நினைப்பது 1974-ல் வந்த முதல் கவுன்டாச். பின்னால் உள்ள விங்கை ஒட்டாமல் விட்டு மஞ்சள் பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. முதலில் விங்கை மறந்துவிடுங்கள். அதை வைத்து எந்த வருடத்துக் கார் என்று சொல்லவே முடியாது. வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டால் பொருத்தித் தந்த துணைப்பொருள் அது. போதாக்குறைக்கு காற்றின் இழுவையைக் கூட்டி, அதிகபட்ச வேகத்தையும் குறைத்தது. விங் இல்லாத எல்.பி.500 எஸ் கார்கள் நிறையவே உண்டு. வருடத்தைக் கண்டுபிடிக்க டயர்களையும் மட்கார்டுகளையும் பாருங்கள்.

பெயரில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 1971 ஜெனீவா மோட்டார் ஷோவில் பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனம் காட்டிய மஞ்சள் நிற மாதிரிக் காரின் பெயர் எல்.பி.500. வடிவமைத்தவர் மார்செல்லோ கான்டினி. அந்தக் கார் 1974-ல் இங்கிலாந்தில் நடந்த மோதல் சோதனையில் நொறுக்கப்பட்டது. உங்கள் பெட்டியில் இருக்கும் எல்.பி.500 எஸ், ஜெனீவா ஷோவுக்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1982-ல் வந்தது. உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் 1974 முதல் 1978 வரை விற்ற எல்.பி.400. மொத்தமே 150 கார்கள் சொச்சம்தான் செய்தார்கள். மஞ்சள் அடிப்பதில் தவறில்லை, ஆனால் மஞ்சள் அடித்ததால் அது ஜெனீவா கார் ஆகிவிடாது. அந்த மாதிரிக் காரின் பக்கவாட்டில் வெறும் பிளவுகள்தான் இருந்தன. ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் சூடேறியதால், கதவில் தொடங்கி பின்னோக்கி ஓடும் ஆழமான காற்றுக் குழியையும், தோளில் நிமிர்ந்து நிற்கும் காற்றுப் பெட்டியையும் பிறகு சேர்த்தார்கள்.

சரி, எல்.பி.400-க்கும் உங்கள் கிட்டுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் டயரில் தொடங்குகிறது. எல்.பி.400-ல் மிஷலின் எக்ஸ்.டபிள்யூ.எக்ஸ் டயர்கள்: முன்னால் 205/70, பின்னால் 215/70, இரண்டுக்கும் ரிம் 14 அங்குலம். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், இரண்டாவது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கனடாவைச் சேர்ந்த வால்டர் உல்ஃப், பின்னாளில் ஃபார்முலா 1 அணி நடத்தியவர், தன் காரில் பைரெல்லி பி7 என்ற அகலமான டயரைப் போடச் சொன்னார். சஸ்பென்ஷனை அதற்கேற்ப பொறியாளர் ஜான் பாவ்லோ தல்லாரா மாற்றிக் கொடுத்தார். அந்தக் காரைப் பார்த்துத்தான் 1978-ல் எல்.பி.400 எஸ் பிறந்தது. பின் டயர் ஒரேயடியாக 345/35-க்குத் தாவியது. அவ்வளவு அகலமான டயர் பழைய உடலுக்குள் எப்படி அடங்கும்? அதனால் கண்ணாடியிழையில் பிதுங்கிய மட்கார்டுகளைச் சேர்த்தார்கள். 1.89 மீட்டராக இருந்த காரின் அகலம் 2 மீட்டர் ஆனது. முகப்பின் கீழே ஸ்பாய்லர் என்ற காற்றுத் தடுப்புப் பட்டையும் வந்தது. உங்கள் எல்.பி.500 எஸ்-க்கும் இதே அகலமான உடலும் டயரும்தான்.

உங்கள் அளவில் கணக்குப் போட்டால் இது புரியும். 1:24-ல் பின் டயரின் அகலம் கிட்டில் சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்கும், உங்களுக்கு வேண்டியது 9 மில்லிமீட்டர்தான். முன் டயரின் அகலம் இரண்டிலும் ஒன்றே, சுமார் 8.5. ஆனால் பழைய டயரின் பக்கச்சுவர் உயரமானது, ரிம் சிறியது. பின் டயரின் மொத்த விட்டம் எல்.பி.400-ல் 27.4 மில்லிமீட்டர், கிட்டில் 26-க்குச் சற்றே குறைவு. ஆகவே வேறு டயரும் ரிம்மும் தேடியாக வேண்டும். மட்கார்டுப் பிதுக்கங்களை அறுத்துத் தேய்க்கும்போது பின் சக்கரத்தின் மேலுள்ள சாய்வான வெட்டுக்கோடு சிதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கான்டினி போட்ட கோடு, எனக்கு இந்தக் காரில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். அப்புறம் கூரை. பின்னால் பார்க்கப் பெரிஸ்கோப், அதாவது கூரை வழியாகப் பின்புறத்தைக் காட்டும் கண்ணாடி அமைப்பு, வைக்கத் திட்டமிட்டு, எல்.பி.400-ன் கூரை நடுவில் நீளமான பள்ளம் விட்டிருந்தார்கள். கிட்டின் கூரையில் அது இருக்காது. நீங்களே செதுக்க வேண்டும்.

இவ்வளவு வேலையா என்று தோன்றினால், என் யோசனை இதுதான்: இந்தக் கிட்டை விங் இல்லாத எல்.பி.500 எஸ் ஆகவே செய்யுங்கள். அது உண்மைக்கு நூறு சதவீதம் பொருந்தும். 1974 காருக்கு எல்.பி.400 கிட் தனியாகத் தேடுவதே புத்திசாலித்தனம். தேடும்போது எஞ்சின் மூடியைக் கவனியுங்கள். நடுவில் பெரிய திமில் தெரிந்தால் அது 1985-ல் வந்த குவாட்ரோவால்வோலே. சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்த 5.2 லிட்டர் எஞ்சினில் கார்புரேட்டர்கள் மேலே ஏறிவிட்டதால் வந்த திமில். அமெரிக்காவுக்குப் போன ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில் மட்டும் அது ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். காற்று வாய்களில் வரிவரியான தடுப்புகள் இருந்தால் அது 1988-ன் 25-ஆம் ஆண்டுப் பதிப்பு. பின்னாளில் சொந்தமாகக் கார் நிறுவனம் தொடங்கிய ஹொராசியோ பகானி திருத்தி அமைத்தது. கவுன்டாச் வரிசையிலேயே அதிகம் செய்யப்பட்ட கார் இதுதான், ஆனால் கான்டினியின் சுத்தமான கோடுகளை இதில் தேடாதீர்கள்.

இல்லை, இந்தக் கிட்டையே மாற்றுவேன் என்றால், எஞ்சினை மட்டும் தொட வேண்டாம். எல்.பி.400-ல் 3.9 லிட்டர், எல்.பி.500 எஸ்-ல் 4.75 லிட்டர் என்றாலும், இரண்டிலும் ஆறு வெபர் கார்புரேட்டர்கள் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸ் இரண்டிலும் எஞ்சினுக்கு முன்னால், இருக்கைகளுக்கு நடுவில். கிட்டில் வந்த வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சினை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.