தம்பி வந்தார், அண்ணன் வரவில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஒரு அண்ணன் தம்பிக்குள் அப்பா விட்டுப்போன நிலத்தைப் பிரிப்பதில் தகராறு. கோர்ட்டுக்குப் போகாமல் நீங்களே பேசி முடித்துவையுங்கள் என்று இருவரும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். தம்பி கஷ்டப்படுகிறவர், இரண்டு முறை வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். வசதியான அண்ணன் இதுவரை வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மனசு தம்பி பக்கம்தான். என் மனைவியோ, “மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், உங்களுக்கு எதற்கு இந்த வேலை?” என்கிறாள். என்ன செய்யட்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வது மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். ஐந்தாம் வசனம் வரை சேர்த்து வாசியுங்கள். முதலில் உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடு, பின்பு சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பை எடுக்க வழி தெரியும் என்கிறார் இயேசு. துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி செய்யுங்கள் என்று யோவான் 7:24-இல் அவரே சொல்கிறார். இருவரும் நம்பி வந்திருக்கிறார்கள், ஒதுங்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது ‘மனசு தம்பி பக்கம்தான்’ என்ற வரி. லேவியராகமம் 19:15 சிறியவனுக்கு, அதாவது ஏழைக்கு, முகதாட்சிணியம் (பாரபட்சம்) செய்யாதே, பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாதே என்கிறது. இரண்டாவது பாதியை நாம் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். முதல் பாதியைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இவ்வளவுக்கும் இதே அதிகாரம்தான் சற்று முன்னால், அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு விட்டுவிடச் சொல்கிறது. ஏழைக்குக் கொடுக்க வேண்டியதை உன் வயலிலிருந்து கொடு. வழக்குத் தீர்க்க உட்கார்ந்தால் அடுத்தவன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்காதே. நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் இதுவரை கேட்டிருப்பது ஒரு பக்கம் மட்டும். தாவீது ராஜா மாட்டிக்கொண்டதும் அங்கேதான். கலகம் செய்த மகன் அப்சலோமுக்குப் பயந்து எருசலேமைவிட்டு ஓடும்போது, ஒலிவமலை உச்சிக்கு அப்பால் சீபா என்ற வேலைக்காரன் எதிரே வருகிறான். இரண்டு கழுதைகள், 200 அப்பம், திராட்சை வற்றல், திராட்சரசம். பசியிலும் களைப்பிலும் இருக்கிற ராஜாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! உன் எஜமான் மேவிபோசேத் எங்கே என்று கேட்கிறார். ராஜ்யம் தனக்குத் திரும்ப வரும் என்று எருசலேமிலேயே தங்கிவிட்டார் என்கிறான் சீபா. அந்த இடத்திலேயே மேவிபோசேத்தின் சொத்து முழுவதையும் அவனுக்கு எழுதிக்கொடுக்காத குறையாகக் கொடுத்துவிடுகிறார் தாவீது.

மேவிபோசேத் யார்? தாவீதின் உயிர் நண்பன் யோனத்தானின் மகன், முந்தைய ராஜா சவுலின் பேரன், இரண்டு காலும் முடமானவன். கலகம் அடங்கி ராஜா திரும்பியபோதுதான் அவனால் வர முடிந்தது. ராஜா போன நாளிலிருந்து தாடியைத் திருத்தவில்லை, துணி வெளுக்கவில்லை. வேலைக்காரன் என்னை ஏமாற்றினான், உம்மிடம் கோள் சொன்னான் என்கிறான். அப்போதாவது தாவீது சீபாவைக் கூப்பிட்டு நேருக்கு நேர் விசாரித்திருக்கலாம். அதிகம் பேசுவானேன், நீயும் சீபாவும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்! அவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும், ராஜா சமாதானமாக வந்ததே போதும் என்கிறான் மேவிபோசேத். 2 சாமுவேல் 19-ஐ வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இடத்தில் மனசு கனத்துவிடும்.

யார் பொய் சொன்னார்கள் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. தாவீதும் விசாரிக்கவில்லை. பாதிப் பாதி என்பது நியாயம் மாதிரித் தெரியும், ஆனால் அதைச் சொல்ல எதையுமே விசாரிக்க வேண்டியதில்லை. தம்பி மீது பரிதாபப்பட்டு ஒரு முடிவெடுப்பது தவறு என்றால், பிரச்சினை தீர்ந்தால் போதும் என்று இரண்டாக வெட்டிவிடுவதும் தவறுதான்.

அண்ணன் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். இந்தச் சகோதரர்களில் சீபா யார், மேவிபோசேத் யார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. வசதியானவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், அப்பாவின் கடைசிக் காலத்தில் செலவு பார்த்தது யார் என்பது போல. அப்புறம் பத்திரம், பட்டா, அப்பா வாங்கிய கடன் எல்லாவற்றையும் பாருங்கள். கடைசியாக இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, தம்பி உங்களிடம் அழுதுகொண்டே சொன்னதை அண்ணன் முன்னால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். அதுவரை தம்பி தனியாக வந்தால் காபி கொடுங்கள், வழக்கு பேசாதீர்கள்.

அன்புடன்.